நீல மாளிகையின் கதை: விற்கவே கூடாது என்று உயில் எழுதிய சோங் ஃபாட் ஸி, பழையதைச் சீர்செய்தால் போட்ட காசு திரும்புமா?

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லெய்த் ஸ்திரீட் 14-ஆம் எண்ணில் நீல நிறத்தில் ஒரு பெரிய வீடு இருக்கிறது. 2018-ல் வந்த கிரேஸி ரிச் ஏஷியன்ஸ் படத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் உட்புறம் ஏற்கெனவே தெரியும். கதாநாயகியும் காதலனின் அம்மாவும் மாஜோங் ஆடிக்கொண்டே மோதிக்கொள்ளும் காட்சி அங்கேதான் எடுக்கப்பட்டது. வாசலில் எந்நேரமும் யாராவது செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வீட்டைக் கட்டியவர் சோங் ஃபாட் ஸி. 1916-ல் இறந்த அவர், தன் உயிலில் விசித்திரமான ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தன் கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டை யாரும் விற்கக் கூடாது.

அந்த மகன் இறந்தது 1989-ல். அதாவது, தந்தை போய் 73 ஆண்டுகள் கழித்து.

73 ஆண்டுகள் விற்க முடியாத ஒரு சொத்துக்கு என்ன மதிப்பு? அதைப் பழுதுபார்க்க யார் காசு போடுவார்கள்? இந்தக் கேள்விக்குப் போவதற்கு முன் கொஞ்சம் கார்களைப் பற்றிப் பேசுவோம். பழையதைச் சீர்செய்யும் கணக்கு கார்களில்தான் பளிச்சென்று புரியும்.

காரில் ஒரு கணக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் பட்டறையில் விட்டுச் சீர்செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டுவது, பெயின்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரித்துக் கோர்ப்பது, சீட்டுக்குத் தோல் தைப்பது என்று எல்லாமே மணிக்கணக்கில் ஆள் வேலை. கார் சாதாரணமானதா, அபூர்வமானதா என்று பார்த்து அந்த மணிக்கணக்கு பெரிதாக மாறுவதில்லை. துரு துருதான்.

ஆனா விற்கும் விலை அப்படி இல்லை. பிரிட்டனின் எம்ஜிபி காரில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதை எவ்வளவு அழகாகச் சீர்செய்தாலும், செலவழித்த காசு பெரும்பாலும் திரும்பி வராது. ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தமே 40-க்கும் குறைவாகத்தான் தயாரானது. அதில் ஒன்று 2018-ல் அமெரிக்க ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. அப்படிப்பட்ட காருக்கு எவ்வளவு செலவு செய்தாலும் கணக்கு உதைக்காது.

இதுல இன்னொரு வேடிக்கை உண்டு. சில கார்களைச் சீர்செய்யாமல் விடுவதே லாபம். மேற்கு பிரான்ஸில் ஒரு பண்ணைக் கொட்டகையில், பல பத்தாண்டுகளாகத் தூசியில் கிடந்த கார்க் கூட்டம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் ஒரு ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர் கிடந்தது. ஒரு காலத்தில் நடிகர் ஆலன் டெலோன் வைத்திருந்த கார் அது. 2015 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில், அந்தத் தூசியோடேயே, சுமார் 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு விற்றது. யாரும் கை வைக்காததால் அதன் ஒரிஜினல் பாகங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. வாங்கியவர் அதற்குத்தான் காசு கொடுத்தார்.

லெய்த் ஸ்திரீட் வீட்டுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

தண்ணீர் சுமந்தவர்

சோங் ஃபாட் ஸி 1840-ல் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் டாபு என்ற மலைப்பகுதியில் பிறந்தவர். ஹக்கா இனத்தவர், ஏழைக் குடும்பம். சீனாவில் இவரை ஜாங் பீஷி என்ற பெயரில் அறிவார்கள். 16 வயது வாக்கில் கப்பலேறி, டச்சுக்காரர்கள் ஆண்ட பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு வந்தார். தண்ணீர் சுமந்தார், கடையில் எடுபிடி வேலை பார்த்தார் என்கிறார்கள். முதலாளியின் மகளைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு சொந்தத் தொழில் தொடங்கினார்.

அங்கிருந்து வளர்ச்சி ரொம்ப வேகம். சுமத்ராவில் டச்சு ராணுவத்துக்குச் சரக்கு சப்ளை, தோட்டங்கள், கப்பல்கள், மேடானில் வங்கி. சாராயத்துக்கும் அபினுக்கும் வரி வசூலிக்கும் குத்தகையும் அவரிடம் இருந்தது. இன்றைய சுற்றுலாக் குறிப்புகள் இந்த அபின் விஷயத்தை மெல்லத் தாண்டிப் போய்விடும். ஆனால் அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்துப் பெரும் சீனப் பணக்காரர்கள் பலரின் மூலதனத்தில் அபின் குத்தகைக் காசு இருந்தது. அதை விட்டுவிட்டு அவர் கதையைச் சொன்னால் பாதிக் கதைதான்.

1886-ல் பினாங்குக்கு வந்தார். சுமத்ராவின் புகையிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ஈயச் சுரங்கங்களுக்கும் நடுவில் இருந்த துறைமுகம் பினாங்கு. சரக்கு, ஆள், கடன் என்று மூன்றும் இந்த ஊர் வழியாகத்தான் போய் வந்தன. செட்டியார்கள் பினாங்கு ஸ்திரீட்டில் கிட்டங்கி போட்டு வட்டிக்குக் கொடுத்ததும் இதே ஊரில், இதே காலத்தில்தான்.

ஒரு ஜெர்மன் கப்பலில் சீனர்களுக்கு முதல் வகுப்பு டிக்கெட் தர மறுத்துவிட்டார்களாம். கோபத்தில் அதே பாதையில் பாதிக் கட்டணத்துக்குத் தன் கப்பலை ஓட்டினார் என்று ஒரு கதை உண்டு. கொஞ்சம் மிகைப்படுத்தியதாகவும் இருக்கலாம். அவருடைய சுபாவத்தைப் பற்றி ஊர் என்ன நினைத்தது என்பது அதில் தெரிகிறது.

1892-ல் சீனாவின் யான்டாய் நகரில் சாங்யூ என்ற ஒயின் ஆலையை ஆரம்பித்தார். சீனர்கள் திராட்சை ஒயின் குடிக்கும் வழக்கமே பெரிதாக இல்லாத காலம் அது. கடலோரமாக, தரைக்கு அடியில் பாதாள அறை தோண்டினார்கள். நீர் கசிந்து வேலை கெட்டுப் போனதால் மறுபடியும் மறுபடியும் கட்டினார்கள். அதை முடிக்கவே பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. 1915-ல் சான் ஃபிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் அந்த ஆலையின் பானங்கள் தங்கப் பதக்கம் வாங்கின. அதே ஆண்டு அவர் சீன வணிகர் குழுவுக்குத் தலைமை தாங்கி அமெரிக்கா போனபோது, அங்கிருந்த பத்திரிகைகள் அவரைச் சீனாவின் ராக்ஃபெல்லர் ஆக்கிவிட்டன. சாங்யூ இன்றும் இயங்குகிறது.

இதற்கிடையில் 1893-ல் பினாங்கில் சீனாவின் துணைத் தூதர். பிறகு சிங்கப்பூரில் தலைமைத் தூதர். 1904-ல் பினாங்கில் சுங் ஹுவா பள்ளி தொடங்க முன்னின்றார். கெக் லோக் ஸி கோவிலுக்குப் பெரும் நன்கொடை கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

எட்டு மனைவிகள், ஒரு பிரியமான வீடு

அவருக்குப் பல ஊர்களில் வீடுகள் இருந்தன. எட்டு மனைவிகள் என்று சொல்வார்கள். இருந்தாலும் மனசுக்குப் பிடித்தது லெய்த் ஸ்திரீட் வீடுதான். அங்கே வாழ்ந்தது ஏழாவது மனைவி.

19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் தொடங்கி, சில ஆண்டுகள் பிடித்தது கட்டி முடிக்க. 38 அறைகள், 5 முற்றங்கள், 7 படிக்கட்டுகள், 220 ஜன்னல்கள். அமைப்பு சீன முறை. தரை ஓடுகள் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்டிலிருந்து. இரும்புத் தூண்களும் கிராதிகளும் ஸ்காட்லாந்திலிருந்து. கண்ணாடிகள் அன்றைய ஐரோப்பிய பாணியில் வண்ணக் கண்ணாடி. கூரை விளிம்பில் பூக்களும் பறவைகளும் மனித உருவங்களும் இருக்கும். உற்றுப் பார்த்தால் எல்லாம் பீங்கான் கிண்ணத்தை உடைத்து, சில்லு சில்லாக வெட்டி ஒட்டியது. தென்சீனாவின் பழைய கைவேலை அது.

சுவரின் நீலம்? சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்தது. அந்த அவுரி இந்தியாவிலிருந்து வந்தது என்பார்கள். இதைச் சும்மா அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். மழையும் கடல் காற்றும் உள்ள ஊரில் செங்கல் சுவர் எப்போதும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். பின்னாளில் மறுசீரமைப்புச் செலவு ஏறியதற்கும் இதுவே ஒரு காரணம்.

1916-ல் பத்தாவியாவில் அவர் இறந்தபோது, டச்சு அரசும் பிரிட்டிஷ் அரசும் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டன. உடலை டாபுவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

கடைசி மகன் பிறந்தது அவருடைய 70-களில்தான். உயிலில் அந்த நிபந்தனையை எழுதியபோது, அது இத்தனை ஆண்டுகள் நீளும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பாரா தெரியாது.

விற்க முடியாத வீடு

வீட்டைப் பராமரிக்க அவர் பணமும் ஒதுக்கியிருந்தார். ஆனால் உலகப் போர், விலைவாசி, குறைந்துகொண்டே வந்த குடும்பச் சொத்து. ஒதுக்கிய பணம் 1916-ன் பணம், ஒழுகியது 1970-களின் கூரை.

இங்கே கார்க் கணக்கைக் கொண்டுவாருங்கள். விற்க முடியாத காருக்கு நீங்கள் புது பெயின்ட் அடிப்பீர்களா? விற்பனை விலை என்று ஒன்று இல்லாதபோது, செலவு செய்வது முழுக்க நஷ்டக் கணக்கு. குடும்பத்தார் அறைகளை வாடகைக்கு விட்டார்கள். பல குடும்பங்கள் குடியேறின. முற்றங்களில் தடுப்புகள் வந்தன, துணி காய்ந்தது, மரம் உளுத்தது, பீங்கான் பூக்கள் உதிர்ந்தன. ஊரின் பெரும் பணக்காரர் வாழ்ந்த வீடு நெரிசலான வாடகைக் குடியிருப்பாகிப் போனது.

சரி, அப்படியானால் உயில் வீட்டைக் கெடுத்துவிட்டதா?

பக்கத்தில் நார்தம் ரோட்டைப் பாருங்கள். இன்றைய ஜாலான் சுல்தான் அகமட் ஷா. கடலோரமாகப் பணக்காரர்களின் பங்களாக்கள் வரிசையாக நின்ற சாலை அது. அங்கே அஸ்டாங் ஹவுஸ் என்ற மாளிகை, பிறகு மெட்ரோபோல் ஹோட்டலாக இருந்தது. 1993 கிறிஸ்துமஸ் அன்று, ஊரே விடுமுறையில் இருந்தபோது, அதை இடித்துத் தள்ளினார்கள். அந்தச் சாலையில் இன்று உயர உயரக் கட்டடங்கள்தான் அதிகம்.

முன்பு சொன்ன வித்தியாசம் இங்கேதான் வருகிறது. காருக்கு அடியில் நிலம் கிடையாது. எவ்வளவு மோசமான பழைய ஃபெராரியாக இருந்தாலும் அதை நசுக்குவதைவிட வைத்திருப்பது லாபம். பழைய மாளிகை அப்படி இல்லை. அது நின்றால் ஒரு விலை, இல்லாமல் போனால் அதைவிடக் கூடுதல் விலை. நகரின் நடுவில், பெரிய மனையில் நிற்கும் பழைய வீடு, நிலத்தின் விலையைக் குறைக்கிற பொருள்.

சோங் ஃபாட் ஸியின் உயில் இந்தக் கணக்கைப் போட யாருக்கும் வாய்ப்பே தரவில்லை. சீர்செய்ய ஆளில்லாமல் வீடு சிதைந்தது உண்மை. அதே நேரம், கிரானைட் தரை போட்டு, அலுமினிய ஜன்னல் வைத்து நவீனமாக்கவும் யாரும் வரவில்லை. இடிக்கவும் வரவில்லை. கொட்டகையில் கிடந்த ஃபெராரி மாதிரி, 1989-ல் அது கந்தலாக, ஆனால் ஒரிஜினலாக வெளியே வந்தது.

வாங்கியவர்கள் போட்ட பந்தயம்

மகன் இறந்ததும் கட்டுமான நிறுவனங்களின் பார்வை அந்த மனை மேல் விழுந்தது. கடைசியில் வீடு போனது, கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோ முன்னின்ற, பழங்கட்டடங்களில் ஆர்வமுள்ள சிலர் சேர்ந்த ஒரு சிறிய குழுவிடம்.

வியாபாரக் கண்ணில் பார்த்தால் அது பைத்தியக்காரத்தனம். 1990-களின் தொடக்கத்தில் ஜார்ஜ்டவுனில் பழைய வீட்டுக்குத் தனி மதிப்பு எதுவும் இல்லை. பாரம்பரிய ஹோட்டல் என்ற தொழிலே இங்கே உருவாகவில்லை. யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்வதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. சீர்செய்து முடித்தால் யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு என்று ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரணம்கூடக் கிடையாது. ஃபெராரி வாங்குகிறவருக்கு முந்தைய ஏல விலைகள் கையில் இருக்கும். இவர்களிடம் அதுவும் இல்லை.

சீர்செய்த முறையும் சிக்கனமானது இல்லை. சிமென்ட் பூசினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் சிமென்ட் ஈரத்தைச் சுவருக்குள்ளேயே பூட்டிவிடும், உப்புப் பூத்து, செங்கல் பொடியும். அதனால் மறுபடியும் சுண்ணாம்பு, மறுபடியும் அவுரி நீலம். பீங்கான் சில்லு வேலை தெரிந்தவர்கள் உள்ளூரில் இல்லை. சீனாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார்கள். உடைந்த மரத்தில் எவ்வளவு நல்ல பகுதி இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு, கெட்டதை மட்டும் மாற்றினார்கள். காரில் எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்களே, அதே மாதிரியான பிடிவாதம்.

பணம் வந்த வழிகளில் ஒன்று சினிமா. 1992-ல் வெளியான இன்டோசீன் என்ற பிரெஞ்சுப் படத்தின் காட்சிகள் இந்த வீட்டில் எடுக்கப்பட்டவை. பிறகு வழிகாட்டியுடன் சுற்றிக் காட்டும் கட்டணம், பிறகு தங்கும் அறைகள். வேலை பல ஆண்டுகள் இழுத்தது. 2000-ல் யுனெஸ்கோ, ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளை முதன்முறையாக வழங்கியபோது, உயரிய விருது இந்த வீட்டுக்குக் கிடைத்தது.

ஆக, போட்ட காசு திரும்பியதா? விற்று எடுக்கும் காசாக அல்ல. தினமும் கதவைத் திறந்து, டிக்கெட் கொடுத்து, அறை வாடகை வாங்கி எடுக்கும் காசாக. சீர்செய்த காரை ஏலத்தில் விடுவதற்கும், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

ஊருக்கே ஓர் உயில்

ஜார்ஜ்டவுன் முழுக்கவே, ஒரு விதத்தில், அப்படி ஓர் உயிலுக்குள்தான் இருந்தது. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்தது. குடியிருந்தவரை எளிதில் காலி செய்யவும் முடியாது. வாடகை அற்பம் என்பதால் உரிமையாளர் ஓட்டைகூட மாற்ற மாட்டார். ஆனால் ஆள் இருப்பதால் இடிக்கவும் முடியாது. ஆயிரக்கணக்கான கடைவீடுகள் இப்படியே, பாதி சிதைந்து, முழு வரிசையாகத் தப்பின.

2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தக் கட்டுப்பாடு விலகியிருந்தது. 2008 ஜூலை 7-ல் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பழைய கடைவீடுகளுக்குத் திடீரென்று மறுவிற்பனை மதிப்பு வந்தது. சீர்செய்தால் லாபம் என்ற கணக்கு முதல்முறையாகச் சரிப்பட்டது.

நல்லதுதானே என்று தோன்றும். சூலியா ஸ்திரீட்டிலும் லிட்டில் இந்தியாவிலும் மேல்மாடியில் தலைமுறைகளாகக் குடியிருந்தவர்களைக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். மாவு மில், பூக்கடை, தையல்காரர், பத்திரிகைக் கடை எல்லாம் அந்தக் குறைந்த வாடகையில்தான் ஓடின. வாடகை ஏறியபோது பலர் தீவின் உட்பகுதிக்கோ, கடல் தாண்டிப் பிறை, பட்டர்வொர்த் பக்கமோ போனார்கள். கட்டடம் அழகாகத் திரும்பி வந்தது. உள்ளே காப்பிக் கடையும் ஹோட்டலும் வந்தன. லெய்த் ஸ்திரீட் வீட்டில் வாடகைக்கு இருந்த குடும்பங்களும் வீடு கைமாறிய பிறகு வேறு இடம் பார்க்க வேண்டியிருந்தது. மறுசீரமைப்புச் செலவு என்று எழுதும்போது இந்தச் செலவை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

தமிழ்நாட்டில் இதே கணக்கு வேறு விதமாக முடிந்த இடம் செட்டிநாடு. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடி ஓடு என்று கட்டிய வீடுகள். பணத்தில் ஒரு பகுதி மலாயாவிலிருந்தும் போனது. அங்கே விற்பதைத் தடுத்தது பெரும்பாலும் பங்காளிகளின் எண்ணிக்கை. ஒரு வீட்டுக்குப் பல பங்குதாரர்கள், ஆளுக்கொரு நாட்டில். சீர்செய்யச் செலவு செய்கிறவர் ஒருவர், உரிமை எல்லோருக்கும். சில இடங்களில் வீட்டைப் பிரித்து, தூணும் கதவும் நிலையும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. பழைய காரைப் பிரித்து உதிரிபாகமாக விற்பது போலத்தான். உதிரிக்குக் கிடைக்கும் விலை, முழு வண்டிக்குக் கிடைக்காது.

லெய்த் ஸ்திரீட் வீட்டின் தூண்கள் இடம் மாறவில்லை. ஆனால் சுண்ணாம்பு நீலம், பிளாஸ்டிக் பெயின்ட் மாதிரி இல்லை. மழையில் கரையும், வெயிலில் வெளுக்கும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டி, சுரண்டி, அவுரி கலந்து, மறுபடியும் பூச வேண்டியிருக்கிறது. நீங்கள் போகும் நேரம் சுவரில் திட்டுத் திட்டாக வெளிர்நீலம் தெரிந்தால், அடுத்த பூச்சுக்கான செலவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.